மேல்நோக்கிப் போன மிதவை

உங்களுக்குக் கொடுத்திருக்கும் மஞ்சள் மிதவையைக் கவிழ்த்துப் பாருங்கள். இடப்பக்கம், உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கீறல் இருக்கும். ஸ்டோரில் அதைப் ‘பழைய சேதம்’ என்று பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கீறலுக்கு ஒரு கதை உண்டு. அதில் நான் நல்லவளாக வரமாட்டேன்.

முப்பத்தோரு வருடம் ஆறுகளை அளந்துவிட்டுப் போன மாதம் ஓய்வு பெற்றேன். பிரிவு உபசார விழாவில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதி உண்மை, மீதி மரியாதை. ‘மேடம் கொடுத்த எண் ஒருமுறைகூடத் தவறியதில்லை’ என்று ஒருவர் மைக்கில் சொன்னபோது, தின்றுகொண்டிருந்த கேசரியைக் கீழே வைத்தேன். திருத்தணி கல்யாண மண்டபத்தில், மாலையோடு எழுந்து நின்று, ‘தவறியிருக்கிறதப்பா, உட்கார்’ என்று சொல்ல வாய் வரவில்லை. புதிதாகச் சேர்ந்த நீங்கள் ஏழு பேரும் முன்வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்தீர்கள். அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

கருவியைப் பற்றிப் பயிற்சியில் உங்களுக்கு மூன்று நாள் சொல்லியிருப்பார்கள். இந்தத் தொழில் தெரியாத யாராவது படித்தாலும் புரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அரக்கோணத்தில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸின் ஹாரன், வரும்போது ஒரு மாதிரியும் தாண்டிப் போனதும் கொஞ்சம் தாழ்ந்தும் கேட்கும் அல்லவா? அதே கணக்குத்தான். மிதவையின் அடியில் இருக்கும் கருவி தண்ணீருக்குள் ஒலியை அனுப்புகிறது. தண்ணீரோடு ஓடும் தூசியில் பட்டு ஒலி திரும்புகிறது. திரும்பிய ஒலி எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் கொண்டு தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று சொல்கிறது. பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி, மிதவையை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு இழுத்துப் போனால், ஆறு மொத்தம் எவ்வளவு தண்ணீர் கொண்டுபோகிறது என்ற எண் கிடைக்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மிதவையும் நகர்ந்துகொண்டிருக்கிறது. தான் எவ்வளவு நகர்கிறோம் என்பதைக் கருவி எப்படித் தெரிந்துகொள்கிறது? ஆற்றின் அடித்தரையைப் பார்த்துத்தான். அடித்தரை அசையாமல் நிற்கிறது என்று அது நம்புகிறது. பெருவெள்ளத்தில் அடியில் கிடக்கும் மணலே ஓட ஆரம்பித்துவிட்டால் அந்த நம்பிக்கை கெட்டது. பக்கத்துத் தண்டவாளத்து ரயில் முன்னால் நகர்ந்தால், நின்றுகொண்டிருக்கும் நம் ரயில் பின்னால் போவதுபோலத் தோன்றும் பாருங்கள், அப்படி. கீழே மணல் ஓட ஓட, மிதவை ஆற்றை எதிர்த்து மேல்பக்கம் போகிறது என்று கருவி நினைத்துக்கொள்ளும். அந்த அளவுக்கு ஆற்றின் வேகத்தைக் குறைத்துச் சொல்லும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. மிதவையைப் புறப்பட்ட இடத்திலிருந்து மறுகரை வரை கொண்டுபோய், பதிவை நடுவில் நிறுத்தாமல் அதே இடத்துக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ‘கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டேன்’ என்று கருவியும் சொன்னால் அடி நகரவில்லை. ‘மேல்பக்கம் தள்ளி நிற்கிறேன்’ என்று சொன்னால் மணல் ஓடுகிறது. கால் மணி நேர வேலை. படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது: ‘அடி நகர்வு உண்டா, இல்லையா?’ அந்தக் கட்டத்தில்தான் நான் வழுக்கி விழுந்தேன்.

அது கார்த்திகை மாதம். மூன்று நாளாக விடாத மழை. ஆந்திரப் பக்கத்து மலைகளில் பெய்வதெல்லாம் இரண்டு மூன்று மணி நேரத்தில் நம் ஆற்றுக்கு வந்துவிடும். பொதட்டூர்பேட்டை போகும் வழியில் இருக்கும் உயரப் பாலத்தில் நானும் காதர் பாயும் நின்றோம். காதர் பாய் அரக்கோணத்தில் லாரி மெக்கானிக்காக இருந்தவர். ஜீப், கயிறு, அதைச் சுற்றி இழுக்கும் வின்ச் எல்லாம் பார்த்துக்கொள்ள எங்கள் பிரிவுக்கு வந்து, அப்போது என்னோடு பதினோரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் இருவருக்கும் தினம் ஒரு சண்டையாவது வரும். பெரும்பாலும் ஆரம்பிப்பது நான்.

பாலத்திலிருந்து ஆறு போகும் பக்கம் இரண்டு கிலோமீட்டரில் ஆற்றங்கரையை ஒட்டி ஒரு நெசவுத் தெரு. வீட்டுக்கு வீடு விசைத்தறி, லுங்கி நெய்வார்கள். முதல் நாள் மழையிலேயே அந்தத் தெருவைக் காலி செய்து பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். கிளம்பும்போது அவர்கள் தறியின் மோட்டார்களைக் கழற்றிப் பள்ளிக்கூட மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். தறிக்கட்டை நனைந்தால் காய்ந்துவிடும். மோட்டாருக்குள் சேறு போனால் போனதுதான்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு வட்டாட்சியர் போன் செய்தார். நல்ல மனிதர், இரண்டு நாள் தூங்காத குரல்.

“மேடம், ஸ்கூல்ல எல்லாம் கைக்குழந்தைங்களோட இருக்காங்க. ரெண்டு பேருக்கு வாந்தி பேதி. தண்ணி இறங்கிடுச்சு, வீட்டுக்குப் போறோம்னு காலையில இருந்து ஒரே சண்டை. உங்க எண் எச்சரிக்கைக்குக் கீழ இருந்தா அனுப்பிடுவேன். எப்ப சொல்வீங்க?”

“அரை மணி நேரம் சார்” என்றேன்.

பார்த்தால் தண்ணீர் இறங்கியதுபோலத்தான் இருந்தது. பாலத் தூணில் வரைந்திருக்கும் அளவுகோலில் நேற்றையதைவிட ஒரு சாண் குறைவு. நாங்கள் மிதவையை இறக்கினோம். பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டிக் காதர் பாய் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க, நான் மடிக்கணினியைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டு கூடவே நடந்தேன். தூண்களின் பின்னால் சுழல் இருப்பதால் அங்கே எண்கள் தாறுமாறாகக் குதிக்கும். அதனால் நாங்கள் எப்போதும் நான்கு முறை கடந்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிந்து, சராசரி எடுப்போம். நான்கும் ஒன்றுக்கொன்று அழகாக ஒத்துப்போயின. எச்சரிக்கை எண்ணுக்கு நன்றாகவே கீழே. நான்கும் ஒரே மாதிரித் தவறாக இருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை.

அதற்குள் வட்டாட்சியர் மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். படிவத்தை முடித்தேன். கடைசியில் அந்தக் கட்டம். பத்து வருடமாக அந்தப் பாலத்தில் அளந்து வருகிறோம். சோதித்துப் பார்த்தபோது ஒருமுறைகூட அடி நகர்ந்ததில்லை. கெட்டியான சரளைத் தரை. முதல் நாலைந்து வருடம் ஒவ்வொரு முறையும் திரும்பக் கொண்டுவந்து பார்ப்பேன். அப்புறம் மழைக்காலத்துக்கு ஒருமுறை. அப்புறம் அதுவும் இல்லை. கை தானாக எழுதியது: ‘இல்லை.’ செய்து பார்க்காமல், செய்து பார்த்ததாக எழுதினேன். இதை வேறு மாதிரி சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை, தேடவும் இல்லை.

“நிச்சயம்தானே மேடம்?” என்றார் வட்டாட்சியர்.

“நிச்சயம் சார்.”

போனை வைத்தேன். காதர் பாய் கையுறையைக் கழற்றி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், கயிறு நேத்து இப்டி இழுக்கல.”

“ஈரக் கயிறு. கனமாத்தான் இருக்கும்.”

“நேத்தும் ஈரந்தான். ஆறு கம்மியாயிகினு போவுதுன்னா கயிறு ஏன் மேடம் கையை அறுக்கணும்?”

“கயிறு எண் சொல்லாது பாய். போய் டீ வாங்கினு வாங்க” என்றேன். சொன்ன விதம் எனக்கு இன்றும் காதில் கேட்கிறது. அவர் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு பாலத்தின் முனையில் இருந்த கடைக்குப் போனார்.

நான் ஜீப்பில் உட்கார்ந்தேன். அவர் கேட்டது நெஞ்சில் முள்ளாக நின்றது. அவர் தப்பென்று காட்டுவதற்காகத்தான் மடிக்கணினியைத் திறந்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மிதவை போன பாதையைத் திரை ஒரு கோடாக வரைந்து காட்டும். பாலம் நேர்க்கோடு. கயிற்றைப் பிடித்து நடந்தவர் கைப்பிடிச் சுவரை ஒட்டி நேராக நடந்தார். ஆனால் திரையில் இருந்த கோடு நடு ஆற்றில் சாய்ந்து, ஆறு வரும் பக்கமாக, மேல்நோக்கிப் போயிருந்தது. அளக்கும்போதே அதைப் பார்த்திருந்தேன். காற்று என்று நினைத்துத் தள்ளிவிட்டேன்.

வெள்ளத்தில் கயிற்றில் கட்டி விட்ட மிதவை கீழ்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போகலாம். மேல்பக்கம் எப்படிப் போகும்? யார் தள்ளினார்கள்?

அடியில் மணல் ஓடினால்தான் கோடு இப்படி வரும். ஜிபிஎஸ் இருந்திருந்தால் மிதவை எங்கே இருக்கிறது என்று அது தனியாகச் சொல்லியிருக்கும். எங்களுடையது பழுது பார்க்கப் போயிருந்தது. ஜீப்பிலிருந்து இறங்கிக் கடைப்பக்கம் கத்தினேன். காதர் பாய் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே மிதவையை இறக்கினார்.

கிளம்பும் இடத்தில் கைப்பிடிச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டேன். மறுகரைக்குப் போனோம். திரும்பினோம். திரும்பும் பாதியில், நடு ஆற்றுக்கு நேராக, மேலிருந்து ஒரு பனைமரம் வேரோடு வந்துகொண்டிருந்தது.

“தூக்கிடலாமா மேடம்?”

தூக்கினால் சோதனை அறுந்துபோகும். முதலிலிருந்து தொடங்க வேண்டும், இன்னும் கால் மணி நேரம். அடித்தால் கருவி போய்விடும், இந்த மாவட்டத்தில் வேறு கருவி கிடையாது. பள்ளிக்கூடத்திலிருந்து அந்த ஜனங்கள் இந்நேரம் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்ற நினைப்பு ஒன்றுதான் எனக்குள் ஓடியது.

“தூக்க வேணாம். கயிறு விட முடியுமா?”

அவர் கயிற்றைத் தளர விட்டார். மிதவை கீழ்ப்பக்கம் நழுவிப் பாலத்தை விட்டுத் தள்ளிப் போனது. பனைமரம் தூணில் மோதி, திரும்பி, அதன் வேர் மிதவையின் இடப்பக்கத்தை உரசிக்கொண்டு போனது. உங்கள் கீறல் அதுதான். காதர் பாய் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு முழம் ஒரு முழமாக மிதவையை மீண்டும் இழுத்து, சுண்ணாம்புக் கோட்டுக்கு நேரே நிறுத்தினார்.

திரையைப் பார்த்தேன். நாங்கள் புறப்பட்ட அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். பதினாறு மீட்டர் மேல்பக்கம் தள்ளி நிற்கிறோம் என்றது கருவி.

ஆறு தன் தரையையே வாரிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. பத்து வருடமாக நான் நம்பிய சரளை எப்போது போனதோ தெரியாது. ஓடும் மணலைக் கணக்கில் சேர்த்துத் திருத்தினேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பாகத் தட்டினேன். மூன்றாவது முறை வந்த எண் எச்சரிக்கைக்கு மேலே. காலையிலும் மேலேதான் இருந்திருக்கிறது. மட்டம் ஒரு சாண் இறங்கியதற்குக் காரணம் தண்ணீர் குறைந்தது அல்ல, ஆறு தரையைத் தோண்டிக்கொண்டு ஆழமானதுதான். அளவுகோலைப் பார்த்தேன். இறங்கியிருந்த அந்த ஒரு சாணும் மறுபடி ஏறியிருந்தது.

வட்டாட்சியரைக் கூப்பிட்டேன். ஐந்தாவது தடவை கிடைத்தார்.

“சார், காலையில கொடுத்த எண் தப்பு. எச்சரிக்கைக்கு மேல போவுது. தெருவை மறுபடி காலி பண்ணணும்.”

“காலையிலயும் நிச்சயம்னுதானே மேடம் சொன்னீங்க?”

“காலையில நான் சோதிக்கல சார். இப்ப சோதிச்சேன்.”

அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. “பஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும். நான் திருவாலங்காட்டுப் பக்கம் மாட்டிகினு இருக்கேன். நீங்க பக்கத்துல இருக்கீங்க, நீங்களே போய்ச் சொல்லுங்க. உங்க பேச்சைக் கேட்டுத்தான் அவங்க வீட்டுக்குப் போனாங்க” என்றார்.

காதர் பாய் ஜீப்பை ஓட்டினார். அந்த இரண்டு கிலோமீட்டரில் நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் என்ன தெரியுமா? ‘தொழில்நுட்பக் காரணங்களால்’ என்று தொடங்கும் வாக்கியங்கள். மக்களைக் காப்பாற்றப் போகிறவள் போகும் வழியெல்லாம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் யோசனையில் இருந்தேன்.

தெருவுக்குள் நுழைந்ததும் தறிச் சத்தம் கேட்டது. இரண்டு நாள் வேலை நின்ற அவசரத்தில், வந்ததும் வராததுமாக மோட்டார்களை மாட்டி ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான் கொடுத்த எண்ணை நம்பித்தான் அத்தனை மோட்டார்களும் மாடியிலிருந்து தரைக்கு வந்திருந்தன.

முதல் வீட்டு வாசலில் நின்று கத்தினேன். உள்ளே தறியில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தார். நாற்பது வயது இருக்கும். பெயர் மஞ்சுளா என்று அப்புறம்தான் தெரியும். அந்தத் தெருவின் நெசவாளர் குழுவுக்கு அவர்தான் தலைவி.

“மறுபடியும் கிளம்பணும்மா. தண்ணி வருது.”

“இன்னா மேடம் விளையாடறீங்களா? காலையில போன்றீங்க, இப்ப வான்றீங்க. ரெண்டு நாள் அந்த ஸ்கூல்ல கொசுக்கடியில கெடந்தோம். இப்பத்தான் அடுப்பு பத்த வெச்சேன்.”

அக்கம்பக்கத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் ஆற்றைக் கையைக் காட்டி, “இறங்கிகினு தானே கீது?” என்றார். உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த மஞ்சுளாவின் மாமனார், “நான் எங்கயும் வரல, போங்க” என்றார். வீட்டில் எல்லாரும் அவரை நைனா என்று கூப்பிட்டார்கள்.

கூட்டத்தில் ஒரு ஆள், பாவம், எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார். “மிஷின் தப்பா சொல்லிடுச்சா மேடம்?”

‘ஆங்’ என்று சொன்னால் போதும். யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். வாய் வரை வந்தது. காதர் பாய் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை, சும்மா பார்த்தார். அவர் உள்ளங்கையில் சுற்றியிருந்த துணியில் ரத்தம் ஊறியிருந்தது.

“மிஷின் தப்பு இல்ல. தப்பு என்னுது” என்றேன். “ஆத்துல மணல் ஓடுதான்னு பார்க்க ஒரு சோதனை இருக்குது. போன இடத்துல இருந்து கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்து பார்க்கணும். காலையில நான் அதைச் செய்யல. செய்யாமலே செஞ்சேன்னு எழுதிட்டேன். இப்ப செஞ்சு பார்த்தேன். தண்ணி குறையல. மேல ஏறிகினு இருக்குது. என்னை அப்புறம் எவ்வளவு வேணா திட்டுங்க, இப்ப கிளம்புங்க.”

மஞ்சுளா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போனார். அவர் தறி நின்றது. பக்கத்து வீட்டுத் தறி நின்றது. சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியபோதுதான், கொல்லைப்பக்கம் தண்ணீர் வேலி முள்ளில் உரசும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

அதன் பிறகு எல்லாம் ஓட்டம். குழந்தைகளையும் நடக்க முடியாதவர்களையும் ஜீப்பில் ஏற்றி இரண்டு நடை மேட்டுக்குக் கொண்டுபோய் இறக்கினார் காதர் பாய். மற்றவர்கள் நடந்தார்கள். மோட்டாரைக் கழற்ற நின்ற ஆண்களின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஒருவர் என் கையைத் தட்டிவிட்டுக் கெட்ட வார்த்தை சொன்னார், சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. பஸ் வந்தபோது தெருவில் கணுக்கால் தண்ணீர். ஏற ஏற மஞ்சுளா தலை எண்ணிக்கொண்டே வந்தார். திடீரென்று அலறினார்.

“நைனா எங்க? நைனாவ யார் கூட்டினு வந்தது?”

யாரும் கூட்டி வரவில்லை. அவர் மகன், அதாவது மஞ்சுளாவின் கணவர், அப்பா ஜீப்பில் ஏறிவிட்டதாக நினைத்தார், காதர் பாய் பெரியவர் மகனோடு நடந்து வருவதாக நினைத்தார். நான் அசையவில்லை. காதர் பாய்தான் ஓடினார். மஞ்சுளா பின்னாலேயே ஓட, அவர் முந்தானையைப் பிடித்து நிறுத்தினேன். அவர் என்னை அடித்தார், தோளில், முகத்தில். நான் விடவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பாய் பிற்பாடு ஐந்து நிமிடம் என்றார். அந்தப் பெரியவர் தறியில் இருந்த லுங்கித் துணியை அறுத்துச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். பாதி நெய்ததைத் தண்ணீருக்கு விட அவருக்கு மனசு வரவில்லை. துணியோடு சேர்த்து அவரைத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் சுவரைப் பிடித்துப் பிடித்துக் காதர் பாய் வெளியே வந்தார்.

“தாத்தா பலே கனம் மேடம்” என்றார், பஸ் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி. நான் அழுதுவிட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “டீ ஆறிப் போச்சு, அதுக்கு மன்னிப்பு கேளுங்க” என்றார்.

ஒரு உயிரும் போகவில்லை. பிற்பகலில் அந்தத் தெருவில் தறிகளின் மேல்கட்டை மட்டும்தான் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. அத்தனை மோட்டார்களும் உள்ளே.

சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் மஞ்சுளா என்னைத் தேடி வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்த மடத்தனத்தையும் எழுதிவிடுகிறேன்.

“உயிரு இருக்குது, சரி. காலையில நீங்க ஒழுங்கா சொல்லியிருந்தா மோட்டாரு மாடியிலயே இருந்திருக்கும். இங்க இருக்கிற ஒருத்தருக்கும் நாளைக்குத் தறி இல்ல. தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்மா” என்றேன்.

அவர் போகத் திரும்பி, நின்றார். “மிஷின் தப்புன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் தறியை நிறுத்தியிருக்க மாட்டேன். மிஷினு இன்னொரு தபா மாத்திச் சொல்லும்னு உக்காந்திருப்பேன்.” பிறகு கேட்டார்: “அந்தச் சோதனை எப்டி? இன்னொரு தபா சொல்லுங்க.”

சொன்னேன். தரையில் சாக்பீஸால் பாலமும் கரையும் வரைந்து, போய்த் திரும்பும் வழியைக் காட்டினேன். இரண்டு முறை கேட்டுப் புரிந்துகொண்டார்.

மறுநாள் தலைமையிடத்திலிருந்து எனக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. முதல் அளவீட்டைக் ‘கருவிக் கோளாறு’ என்று எழுதி ரத்து செய்துவிடலாம், யாருக்கும் தொந்தரவு இல்லை என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என் மேல் இருந்த பிரியத்தில் சொன்னார்கள். எனக்கு ஆசையாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஒரு ராத்திரி முழுக்க ஆசையாக இருந்தது. காலையில் அந்தப் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்த கட்டத்துக்குப் பக்கத்தில், ‘சோதனை செய்யாமல் எழுதியது’ என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விசாரணை நடந்தது, பதவி உயர்வு தள்ளிப்போனது. அந்தத் தாள் பாலத்தின் கோப்பில் இன்றும் இருக்கிறது. உபசார விழாவில் மைக் பிடித்தவர் அந்தக் கோப்பைப் பிரித்ததில்லை போலிருக்கிறது. நீங்கள் பிரியுங்கள்.

அந்தத் தெரு மறுபடி எழுந்தது, மெதுவாக, கடனும் உதவியுமாக. என்னால் அல்ல. நைனா அடுத்த வருடம் இறந்துபோனார், வயது முதிர்ந்து, தன் கட்டிலில். போயிருந்தேன். மஞ்சுளா என்னோடு பேசவில்லை, காதர் பாய்க்கு மட்டும் காபி கொடுத்தார். நியாயம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அதற்கடுத்த மழைக்கு, எண்ணை அறிவித்த பத்தாவது நிமிடம் என் போன் அடித்தது. வணக்கம் கிணக்கம் எதுவும் இல்லை.

“திரும்பி வந்து பாத்தீங்களா?”

“பார்த்தோம்மா. அடி நகரல.”

“ஆங்” என்று வைத்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அந்த ஒரு கேள்விதான். நானும் பாயும் மழையில் நடுங்கிக்கொண்டு, அலுப்பில், ‘இந்த ஒரு தடவை விட்டுவிடலாமா’ என்று ஒருவரையொருவர் பார்த்திருக்கிறோம். ‘அந்தம்மா போன் பண்ணுவாங்க மேடம்’ என்பார் பாய். மிதவையை மறுபடி இறக்குவோம்.

ஓய்வு பெற்றதைச் சொல்லப் போன வாரம் தெருவுக்குப் போனேன். இந்த முறை எனக்கும் காபி கிடைத்தது. குடித்து முடித்ததும் மஞ்சுளா டம்ளரை வாங்கிக்கொண்டே, “இனிமே யாரு அளப்பாங்க? நம்பர் குடுங்க” என்றார். உங்கள் ஏழு பேரின் எண்ணையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஐப்பசி பிறக்க இன்னும் மூன்று வாரம். உங்களில் ஒருவருக்குத்தான் முதலில் போன் வரும். மஞ்சுளா தன் பெயர் சொல்லமாட்டார், உங்கள் பெயரையும் கேட்கமாட்டார். அவருக்கு ‘பார்த்தோம்’ என்று நீங்கள் பதில் சொல்லும்போது, உங்கள் பக்கத்தில் நிற்பவரின் கையில் கயிறு ஈரமாக இருக்க வேண்டும்.